சர்வர் இல்லாத நேரம்

பதினொன்று இருபதுக்கு வழக்கம்போல சர்வர் போனது. கைரேகை மிஷினின் திரையில் வெள்ளை வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. அது பத்து நிமிடமும் சுற்றும், ஒரு மணி நேரமும் சுற்றும், கேட்க நாதி கிடையாது. ரேஷன் கடை ஜன்னலுக்கு வெளியே பருப்புக்கும் பாமாயிலுக்கும் நின்றிருந்த வரிசையிலிருந்து பெருமூச்சும் இரண்டு கெட்ட வார்த்தையும் ஒன்றாகக் கிளம்பின. போகிறவர்கள் போய்விட்டு மத்தியானம் வாருங்கள் என்று செந்தமிழ்ச்செல்வி உள்ளேயிருந்து சொன்னாள். விடிகாலையில் பையைப் போட்டு இடம் பிடித்தவர்கள் யாரும் போகமாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும், சொல்லவேண்டியது கடமை. சொல்லிவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்தாள். ஜவுளிக்கடைப் பை ஒன்றிலிருந்து அந்தத் துணியை எடுத்து மடியில் விரித்தாள். நேற்று விட்ட இடத்திலேயே ஊசி குத்தியிருந்தது.

துணி என்றால் துணி, சல்லடை என்றால் சல்லடை. கஞ்சி போட்டதுபோல விறைப்பாக, வரிசை வரிசையாகச் சின்னக் கட்டங்கள். மொண்ணை ஊசியில் உல்லன் நூலைக் கோத்து, கட்டத்துக்கு ஒரு தையலாக, சாய்த்துச் சாய்த்துப் போட்டுக்கொண்டே போகவேண்டும். அவ்வளவுதான் வித்தை. ஆனால் ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் கீழே வரும் வரிசையெல்லாம் கோணிக்கொண்டு போகும். அதனால் எண்ணவேண்டும். எண்ணும்போது வேறெதையும் நினைக்க முடியாது. செல்விக்கு அதில் பிடித்ததே அதுதான்.

தை மாதம் பொங்கல் தொகுப்பு கொடுத்து முடித்த மறுநாள் அவளுக்குக் கை நடுக்கம் வந்தது. ஆயிரத்து நூறு கார்டுக்குக் கரும்பும் பச்சரிசியும் சர்க்கரையும் எடுத்துக் கொடுத்த கை, வீட்டில் காபி டம்ளரைப் பிடிக்க மாட்டேன் என்றது. கள்ளக்குறிச்சியில் டாக்டர் அம்மா பிரஷர் பார்த்து மாத்திரை எழுதிவிட்டு, உங்களுக்கென்று என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். செல்வி யோசித்தாள். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் யோசித்தாள். காலை நாலரைக்குப் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுவது, சமைப்பது, இரண்டு பிள்ளைகளை வேனில் ஏற்றுவது, கரும்புத் தோட்டத்துக்குச் சோறு கட்டுவது, ஒன்பது மணிக்குக் கடை திறப்பது என்று வரிசையாக வந்ததே தவிர, அந்தக் கேள்விக்கு விடை வரவில்லை. அப்போது ஒரு ஃபேன்சி ஸ்டோர் வாசலில் இந்தத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நூல்கண்டுகள், முப்பது நாற்பது நிறத்தில். எதற்கு என்று தெரியாமலே வாங்கிவிட்டாள். போனில் யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண் போடும் வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அந்தப் பெண் பேசிய பாஷை புரியவில்லை, கை புரிந்தது.

படம் என்று எதையும் அவள் வாங்கவில்லை. அச்சடித்த கிளியும் அன்னமும் ரோஜாக்கூடையும் ஃபேன்சி ஸ்டோரில் இருந்தன. அவள் ரேஷன் கடை ஜன்னல் வழியாகத் தெரிந்த கல்வராயன் மலையையே போட ஆரம்பித்தாள். மேலே வானத்திலிருந்து தொடங்கி, நாளுக்கு மூன்று வரிசை, இரண்டு வரிசை. சர்வர் நன்றாக வேலை செய்யும் நாளில் ஒன்றுகூடக் கிடையாது. மலை ஒரு நாள் நீலமாக இருக்கும், மறுநாள் சாம்பலாக இருக்கும், மழை விட்டால் கரும்பச்சையாகக் கிட்டே வந்து நிற்கும். அன்றைக்கு என்ன நிறமோ அந்த நூலைக் கோப்பாள். ஊரே சர்வரைத் திட்டும்போது அவள் மட்டும் இன்னும் ஐந்து நிமிடம் வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வாள். பாவம்தான். கரும்பு வெட்டித் தேய்ந்த விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்க்க அவளுக்கே குற்றமாக இருக்கும். வரிசையில் நின்றவர்களும் கேலி பேசாமல் இல்லை. மிஷினைச் செல்வியே அணைத்து வைத்துக்கொள்கிறாள் என்றார்கள். ஆனால் துணியில் மலை இறங்கி வர வர, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தவர்களும் அவர்கள்தான்.

வீட்டில் அப்படி யாரும் பார்க்கவில்லை. மாமியார் லட்சுமியம்மாள் ஒருமுறை துணியைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, இதில் கிளி எங்கே என்று கேட்டாள். கிளி இல்லை என்றதும் நாய்க்கு வேலையும் இல்லை நிற்க நேரமும் இல்லை என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாள். புருஷன் தங்கதுரை நல்ல மனிதன். கரும்பைத் தவிர மற்ற எதையும் பற்றி அவனுக்கு அபிப்பிராயம் கிடையாது.

ஆடி முடிந்ததும் நாத்தனார் மகள் மலர்விழிக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை சின்னசேலத்துக்காரன், தமிழழகன் என்று பெயர், விதைக் கம்பெனியில் வேலை. மலர்விழி எலவனாசூர்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் இருந்தாள். டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைக் கண்ணை மூடிக்கொண்டு படிக்கும் பெண். நாத்தனார் விஜயலட்சுமியின் வீட்டில் மேல்தளம் போட்டு, முட்டுக் கொடுத்த கம்பெல்லாம் இன்னும் நின்றுகொண்டிருந்ததால், பெண் பார்ப்பது தாய்மாமன் வீட்டில் என்று முடிவானது. கடை விடுமுறையான வெள்ளிக்கிழமையாகப் பார்த்து நாள் வைத்தார்கள்.

வியாழன் காலை, கடைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவரும் பையில் துணி இல்லை. செல்வி இழுப்பறை, பீரோ, துவைக்கும் துணிக்கூடை எல்லாம் தேடினாள். கடைக்குப் போயும் மனம் ஓடவில்லை, ஒரு கார்டுக்கு இரண்டு முறை சர்க்கரை போட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கூடத்துச் சுவரில், டிவிக்கு மேலே, தங்கநிறச் சட்டம் போட்ட கண்ணாடிக்குள் மலை தொங்கிக்கொண்டிருந்தது. வலது பக்கம் கீழ்மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் கட்டம். அங்கே என்ன வரும் என்று அவளுக்கே தெரியாததால் கடைசியாக விட்டு வைத்திருந்த இடம். முடிக்காத துணியை யாராவது கண்ணாடி போடுவார்களா என்று அவள் கேட்டதற்கு, சுவர் மொட்டையாக இருந்தது, பிள்ளை வீட்டார் பார்ப்பார்களே என்றான் தங்கதுரை. அவனே பைக்கில் கள்ளக்குறிச்சிக்கு எடுத்துப்போய்ப் போட்டு வந்திருக்கிறான். அவளைச் சந்தோஷப்படுத்துகிறோம் என்றுதான் அவன் நினைத்திருந்தான். அதனால் அவளால் கோபப்படவும் முடியவில்லை.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா ஆயம்மாள், உள்ளே வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனாள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். செல்வி அப்போது கேசரித் தட்டோடு சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தாள். வீட்டுக்குள் ஒருவர் தன் மலையை அப்படிப் பார்ப்பதை முதன்முதலாகப் பார்த்தாள். தட்டைக் கொண்டுபோய் வைக்கத் தோன்றவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி.

"யாரு போட்டது இது?"

"பொண்ணு கைவேலைதாங்க," என்றாள் விஜயலட்சுமி. கண்கூட இமைக்கவில்லை.

அது அவர்கள் பக்கத்து வழக்கம் என்றே சொல்லலாம். பெண் பார்க்க வருகிற அன்று வீட்டில் இருக்கும் எல்லா நல்லதும் பெண் செய்ததுதான். பக்கத்து வீட்டுக்காரி சுட்ட பஜ்ஜி பெண் சுட்டது, அண்ணி போட்ட கோலம் பெண் போட்டது. வருகிறவர்களுக்கும் அது தெரியும், அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கும் அதையே சொல்லியிருப்பார்கள், அதனால் யாரும் மேலே கேட்பதில்லை. ஆனால் ஆயம்மாள் கேட்டாள். இதைப் போட எத்தனை நாள் ஆயிற்று என்று மலர்விழியைப் பார்த்துக் கேட்டாள். மலர்விழி பட்டுப்புடவையில் வேர்த்துக்கொண்டு நின்றாள். மாத்திரை அட்டையில் விலை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், இதற்கு வாய் வரவில்லை. கூடத்தில் எல்லாரும் காத்திருந்தார்கள்.

"ஆறு மாசமாச்சிங்க," என்றாள் செல்வி. ஏன் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பெண்ணைக் காப்பாற்றத்தான் சொன்னாள். ஆனால் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்ற கர்வமும் அதில் கொஞ்சம் இருந்தது.

ஆயம்மாள் தலையை ஆட்டினாள். கீழ்மூலை காலியாக இருக்கிறதே என்றாள். அது சும்மா இல்லை, கல்யாணம் கூடினால் பொண்ணு மாப்பிள்ளை பேர் போடத்தான் விட்டிருக்கிறது என்று விஜயலட்சுமி அந்த நிமிடத்திலேயே ஒரு புதுப் பொய்யை உற்பத்தி செய்தாள். ஆயம்மாளுக்கு முகம் மலர்ந்துபோயிற்று. சீர்வரிசையோடு இதையும் அனுப்பிவிடுங்கள், எங்கள் கூடத்தில் மாட்டவேண்டும் என்றாள். அன்றைக்கே நிச்சயத் தட்டு மாற்றியது அந்த மலையால்தான் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள்.

அவர்கள் போனதும் செல்வி சமையற்கட்டில் பாத்திரங்களைச் சத்தமாகப் போட்டாள். லட்சுமியம்மாளுக்குக் காரணம் புரிந்தது.

"ஆயிரம் பொய்ய சொல்லி ஒரு கல்யாணத்த பண்ணுன்னு சொல்லுவாங்க. நாம ஒண்ணுதான சொல்லிக்கிறோம்," என்றாள்.

தங்கதுரை, ஒரு துணிதானே, வேறொன்று வாங்கிக்கொள் என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. கடையில் அதே துணி இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அந்த ஆறு மாதம் எந்தக் கடையிலும் தொங்காது.

மறுநாளிலிருந்து வீடு தலைகீழாக மாறியது. கல்யாணத்துக்கு ஐம்பது சொச்சம் நாள் இருந்தது. பெயர் போடுவதற்காகச் சட்டத்தைப் பிரித்துத் துணியை வெளியே எடுத்தார்கள். தங்கதுரை மெத்தை வைத்த நாற்காலி ஒன்றும், கழுத்தை வளைக்கிற மாதிரி மேசைவிளக்கு ஒன்றும் வாங்கிவந்தான். பதினாறு வருடத்தில் முதல்முறையாக லட்சுமியம்மாள் காலைச் சமையலைத் தன் கையில் எடுத்தாள். பால் ஊற்றத் தங்கதுரை போனான். பிள்ளைகள் சத்தம் போட்டால், அம்மா வேலையாக இருக்கிறாள் என்று அடக்கினார்கள். அம்மா வேலையாக இருக்கிறாள் என்று அந்த வீட்டில் யாரும் அதுவரை சொன்னதே இல்லை. அவள் எப்போதும் வேலையாக இருந்தது காரணமாக இருக்கலாம். தினமும் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம். இதற்காகவா ஆறு மாதமாகச் சர்வரிடம் கெஞ்சினோம் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. எண்ணிக்கை பதினைந்துக்குமேல் நிற்கவில்லை. மெத்தை உறுத்தியது, எழுந்து தண்ணீர் குடித்தாள், உட்கார்ந்தாள், வாசலைப் பார்த்தாள், திரும்ப எண்ணினாள். கட்டத்தாளில் இரண்டு பெயரையும் எழுதிப் பார்த்தாள். இரண்டு பெயருக்கும் சேர்த்து மூன்று ழகரம், ஒன்றும் சதுரத்துக்குள் வளைய மாட்டேன் என்றது. முதல் எழுத்தான 'ம'வை நான்கு முறை போட்டு நான்கு முறை பிரித்தாள். தங்கதுரை, இரண்டு சால் உழுது முடித்துவிட்டாயா என்று கேட்கிற தோரணையில், எத்தனை வரிசை ஆச்சு என்று வந்து வந்து கேட்டான். மாமியார் சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து காட்டினாள். அவர்களிடம் பேத்தி போட்டது என்றும், மருமகள் கொஞ்சம் ஒத்தாசை செய்கிறாள் என்றும் சொன்னாள். ஆயம்மாள் எப்போதாவது வந்து நின்றால் நீயும் அதையே சொல்லு என்று செல்வியையும் இரண்டு முறை பாடம் ஒப்பிக்க வைத்தாள்.

கடைக்குத் துணியை எடுத்துப்போக விடவில்லை. சம்பந்தி வீட்டுப் பொருள், அழுக்காகிவிடும். பதினொன்று இருபதுக்குச் சர்வர் போனால் செல்வி மேசைமேல் கையை வைத்துக்கொண்டு வட்டம் சுற்றுவதைப் பார்த்தாள். விரல்கள் ஒன்றையொன்று பிய்த்துக்கொண்டன. தராசுத் தட்டைத் துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள். இன்றைக்கு மலை வளரவில்லையா என்று ஜன்னலுக்கு வெளியே ஒரு கிழவர் கேட்டார். அன்று மலை வயலெட் நிறத்தில் இருந்தது. அந்த நிறத்தை அவள் இன்னும் போட்டதில்லை. மிஷினை இரண்டு தட்டுத் தட்டினாள்.

மலர்விழி நிலைமை அதைவிட மோசம். ஒருநாள் மருந்துக்கடையிலிருந்து தணிந்த குரலில் போன் செய்தாள்.

"அத்த, அந்தம்மா தெனம் போன் பண்ணி எவ்ளோ முடிச்சன்னு கேக்குது. ஒரு நாளிக்கி நாலு வரிசைன்னு ஒளறிட்டேன். நாலு வரிசன்னா ஜாஸ்தியா, கம்மியா?"

"ஜாஸ்திதான்டி," என்றாள் செல்வி.

"கல்யாணத்துக்கு அப்புறம் அந்த வூட்ல ஊசிய குடுத்து எதனா போடச் சொன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது. அதனால் பயமும் கூடுதலாக இருந்தது. நேரம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று செல்வி சொன்னாள். போனை வைத்தபிறகு அந்த நேரம் எப்போது வரும் என்று அவளே யோசித்தாள்.

கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்த வெள்ளிக்கிழமை அந்த நேரம் வந்தது. தங்கதுரை தோட்டத்தில் இருந்தான், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். லட்சுமியம்மாள் பின்கட்டில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். செல்வி விளக்கை விட்டுவிட்டு, நாற்காலியை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் துணி. ஐந்தாவது முறையாக 'ம'வில் பாதி வந்திருந்தது. ஆட்டோ நின்ற சத்தம் கேட்டும் அவள் நிமிரவில்லை, எண்ணிக்கை போய்விடும். நிமிர்ந்தபோது ஆயம்மாள் படியேறி நின்றிருந்தாள், கையில் மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டும் வாழைப்பழச் சீப்பும். கச்சிராயபாளையத்தில் பங்காளி வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வந்தவள், வழிதானே என்று இறங்கியிருக்கிறாள்.

அவள் செல்வியின் முகத்தைப் பார்க்கவில்லை. ஊசி இருந்த கையைப் பார்த்தாள்.

"இத நீயா போட்ற?"

ஒப்பித்த பதில் தயாராக இருந்தது. பொண்ணுக்கு வேலை ஜாஸ்தி, அதனால் கொஞ்சம் ஒத்தாசை. அது நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அதைச் சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். சொன்னால் இந்தப் பதினெட்டு நாளும், அதற்குப் பிறகு சின்னசேலத்து வீட்டில் எத்தனை வருடமோ அத்தனை வருடமும், மலை வேறொருத்தியுடையதாகத் தொங்கும். இதைச் செல்வி அப்போது இவ்வளவு தெளிவாக நினைத்தாள் என்று சொல்ல முடியாது. வாய் வேறு மாதிரி திறந்துகொண்டது.

"ஆமாங்க. நான்தான்."

"ஒத்தாசைக்கா?"

"இல்லீங்க. மொதல்லருந்து நான் போட்டது. மலருக்கு ஊசியில நூலு கோக்கவும் வராது. நல்ல பொண்ணுங்க. இது மட்டும் அவ போட்டதில்ல."

பின்கட்டுக் கதவருகில் தவிட்டுக் கையோடு லட்சுமியம்மாள் வந்து நின்றதைச் செல்வி கவனித்தாள். எவ்வளவு கேட்டிருப்பாள் என்று தெரியவில்லை. கையிலிருந்து தவிட்டுத் தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது. ஆயம்மாள் வாழைப்பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கி எத்தினி நாளாச்சின்னு கேட்டப்ப, ஆறு மாசம்னு நீதானம்மா சொன்ன?"

"ஆமாங்க. எனக்கு ஆறு மாசமாச்சி."

செல்விக்குப் பயமாக இருந்தது. பத்திரிகை அடித்தாகிவிட்டது, மண்டபத்துக்கு முன்பணம் போயாகிவிட்டது, மலர்விழி இந்நேரம் யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். மத்தியானத்துக்குள் விஷயம் எலவனாசூர்கோட்டைக்குப் போய்ச் சேரும். தங்கதுரை முகத்தில் எப்படி விழிப்பது. இதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆனால் கை அதன் போக்கில் ஊசியைத் திருப்பி, அந்தப் பாதி எழுத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. கடைசித் தையலும் உருவி வந்து கட்டங்கள் வெறுமையாயின. அவள் பைக்குள் துழாவி, கரும்பு பூத்து நிற்கும்போது மலையடிவாரம் முழுக்கத் தெரியுமே, அந்த வெளுத்த சாம்பல் நிற நூலை எடுத்துக் கோத்தாள். ஓரத்திலிருந்து எண்ண ஆரம்பித்தாள். பதினைந்து வந்தது, பதினாறும் வந்தது.

ஆயம்மாள் இன்னும் ஓர் அடி கிட்டே வந்து குனிந்தாள். துணியின்மேல் நிழல் விழுந்தது, கட்டங்கள் தெரியவில்லை.

"கொஞ்சம் நவுந்து நில்லுங்க," என்றாள் செல்வி. "வெளிச்சம் மறைக்குது."

ஆயம்மாள் நகர்ந்தாள். வாசல் பக்கம் இல்லை, ஓரமாக, சுவரோடு ஒட்டி. பத்திரிகைக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை மேலே ஏற்றினாள். ஊசி கீழேயிருந்து நூலை இழுத்துக்கொண்டு மெதுவாக வெளியே வந்தது.